"சாரி மிஸ்"

ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்த இரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பையன் ஓர் இடத்தில் உட்கார மாட்டான். கேள்வியை முடிப்பதற்குள் பதிலைக் கத்துவான். இரண்டே மாதத்தில் அவன் பெற்றோரைக் கூப்பிட்டு, குழந்தை மனநல மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். ஏடிஎச்டி (கவனக் குறைவும் மிகைத் துறுதுறுப்பும் சார்ந்த குறைபாடு) என்று உறுதியானது.

அந்தப் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். ஸ்கேல், தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ் என்று வாரத்துக்கு ஒன்றைத் தொலைப்பாள். பாதிக் கணக்கில் பென்சில் நின்றுவிடும். அதட்டினால் உடனே "சாரி மிஸ்". அவள் அம்மாவிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "நல்ல பிள்ளைங்க, கொஞ்சம் பொறுப்புதான் பத்தல." எட்டாம் வகுப்பில், மார்க் மொத்தமும் சரிந்த பிறகு, அவளுக்கும் அதே ஏடிஎச்டி என்று தெரியவந்தது.

மருத்துவர்கள் பார்க்கும் டிஎஸ்எம் என்ற மனநல நோயறிதல் கையேட்டில் ஏடிஎச்டிக்கு 18 அறிகுறிகள் உண்டு. கவனம் சார்ந்தவை 9, துறுதுறுப்பும் அவசரமும் சார்ந்தவை 9. பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு பகுதியில் 6 இருந்தால் மேற்கொண்டு விசாரிக்க இடமுண்டு. பொருளைத் தொலைப்பது, வேலையைப் பாதியில் விடுவது எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் அந்தப் பட்டியல் அவள் பக்கம் போகவே இல்லை. என் வகுப்புக்கு யார் தொந்தரவோ அவர்களைத்தான் நான் அனுப்பினேன்.

இது இன்று நேற்றுக் கதையும் இல்லை. 1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற மருத்துவர் இதுபோன்ற நடத்தை உள்ளவர்களாக விவரித்த 20 பிள்ளைகளில் 15 பேர் பையன்கள். மருத்துவமனைக்கு வருபவர்களை எண்ணினால் பையன்கள் மிக அதிகம். ஊருக்குள் போய் எண்ணினால் அந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது. நடுவில் காணாமல் போகிறவர்கள் ஜன்னலோரப் பெண்கள்தான்.

ஏடிஎச்டியை மதிப்பிட உதவும் கானர்ஸ் போன்ற கேள்வித்தாள்களில் பெண்ணைப் பெண்களோடு ஒப்பிட்டு மதிப்பிட வழி இருக்கிறது. "அப்படியானால் பெண்ணுக்கு மட்டும் அளவுகோலைத் தளர்த்துகிறோமே" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பத்து வயதுப் பெண்கள் நாற்பது பேர் அடங்கி உட்காரும் இடத்தில் ஒருத்தி மட்டும் தவித்தால், அதைப் பையன்களின் ஓட்டத்தோடு வைத்து அளப்பதில் என்ன நியாயம்? எப்படி அளந்தாலும் கேள்வித்தாளை நிரப்புபவர்களில் ஒருவர் என்னைப் போன்ற டீச்சர்தானே.

இந்த வருடம் ஒரு பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில், யார் எதைத் தொலைத்தார்கள் என்று குறித்து வருகிறேன். நான்கு பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அதில் மூன்று பேர்மீது இதுவரை எந்த டீச்சரும் புகார் சொன்னதில்லை.