துப்பாக்கி எடுத்த குவேக்கர்கள் எழுதி வைத்த விதி

குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் என்றாலே போருக்குப் போக மாட்டார்கள், ஆயுதத்தைத் தொட மாட்டார்கள் என்று பலருக்கும் தெரியும். அமெரிக்கப் புரட்சியில் அவர்களில் ஒரு கூட்டம் துப்பாக்கி எடுத்ததும், எடுத்த பிறகும் ‘நாங்கள் குவேக்கர்கள்தான்’ என்று சொல்லித் தனிச் சபை கண்டதும் அவ்வளவாகத் தெரியாது. 1781 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் தொடங்கிய அந்தச் சபைக்கு ‘சுதந்திர குவேக்கர்கள்’ என்று பெயர். அவர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு பக்கம் “கொள்கையை விற்றவர்கள்”, இன்னொரு பக்கம் “அகிம்சை உதவாது என்று நிரூபித்தவர்கள்” என்று முடித்துவிடுகிறார்கள். இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை.

முதலில் பின்னணி. பிரிட்டனுக்கு எதிரான போர் தொடங்கியதும் குவேக்கர்களின் மூலச் சபை ‘எந்தப் பக்கமும் இல்லை’ என்று உறுதியாக நின்றது. படையில் சேர்ந்தவர், படைக்குப் பொருள் கொடுத்தவர், புதிய அரசுக்கு விசுவாச உறுதிமொழி கொடுத்தவர் என்று நூற்றுக்கணக்கானோரைச் சபையை விட்டு நீக்கினார்கள். நீக்கப்பட்டவர் வழிபாட்டுக்கு வந்து உட்காரலாம், ஆனால் சபையின் முடிவுகளில் அவருக்குக் குரல் கிடையாது. துணி உற்பத்தி செய்துவந்த சாமுவேல் வெதரில் இப்படித்தான் 1779இல் வெளியே வந்தார். பின்னால் புதிய சபையை நடத்தியவர் அவர். போருக்காக மட்டும்தான் நீக்கினார்கள் என்றும் இல்லை. பெட்சி ராஸ் வேறு சபைக்காரரைக் கல்யாணம் செய்ததற்காகவே நீக்கப்பட்டவர். முதல் அமெரிக்கக் கொடியை அவர்தான் தைத்தார் என்ற கதை 1870இல் அவருடைய பேரன் சொல்லிப் பரவியது, அதற்கு அந்தக் காலத்துச் சான்று கிடையாது. ஆனால் பென்சில்வேனியா கடற்படைக் கப்பல்களுக்குக் கொடி தைத்ததற்காக 1777 மே மாதம் 14 பவுண்டு 12 ஷில்லிங் 2 பென்ஸ் வாங்கியது கணக்கில் இருக்கிறது. அவரும் சுதந்திர குவேக்கர்களோடு சேர்ந்தார்.

இன்னொருவர் டிமோத்தி மாட்லாக். இன்று நாம் படத்தில் பார்க்கும் சுதந்திரப் பிரகடனத்தின் கையெழுத்துப் பிரதியை எழுதியவர் இவர்தான் என்கிறார்கள். கடன், கூடாத சகவாசம் என்று 1765லேயே சபை இவரை நீக்கிவிட்டது. போரில் கர்னலாகப் படை நடத்தினார். நான் இவர்மேல் வைக்கும் குறை, படை நடத்தியது பற்றியது அல்ல. பென்சில்வேனியாவை ஆண்ட உச்ச நிர்வாகக் குழுவின் செயலாளரும் இவர்தான். 1777 செப்டம்பரில், பிரிட்டிஷ் படை நகரத்தை நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அந்தக் குழு பிலடெல்பியாவில் பலரைப் பிடித்து, விசாரணையே இல்லாமல் வர்ஜீனியாவின் வின்செஸ்டருக்கு நாடு கடத்தியது. அனுப்பப்பட்ட 20 பேரில் பெரும்பாலோர் குவேக்கர்கள். விசுவாச உறுதிமொழி கொடுத்தால் விட்டுவிடுகிறோம் என்றார்கள், அவர்கள் மறுத்துவிட்டார்கள். இரண்டு பேர் அங்கேயே இறந்துபோனார்கள். 1778 ஏப்ரலில் எலிசபெத் டிரிங்கரும் வேறு மூன்று பெண்களும் கணவர்மாரையும் உறவினரையும் மீட்பதற்காகப் போர்க்களப் பாதையில் வண்டி கட்டிப் போய், வேலி ஃபோர்ஜ் முகாமில் புரட்சிப் படைத் தளபதி வாஷிங்டனையே நேரில் பார்த்துப் பேசினார்கள். அந்தப் பயணத்தை நினைக்கும்போதெல்லாம், போர் செய்ய மறுப்பவர்களைக் கோழை என்று சொல்ல எப்படி நா எழுகிறது என்றுதான் எனக்குத் தோன்றும்.

அதோடும் முடியவில்லை. 1781 அக்டோபரில், யார்க்டவுனில் பிரிட்டிஷ் படை சரணடைந்த வெற்றிச் செய்தி வந்தபோது ஊரெல்லாம் சன்னலில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், போர் வெற்றியைக் கொண்டாட மாட்டோம் என்று குவேக்கர் வீடுகள் இருட்டாக இருந்தன. கும்பல் வந்து கண்ணாடிகளை அடித்து நொறுக்கியது. டிரிங்கர் வீடும் தப்பவில்லை, எல்லாவற்றையும் அவர் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

என் கருத்து இதுதான். மனசாட்சி சொல்கிறது என்று ஒருவர் தானாக ஆயுதம் எடுத்தால் அதை என்னால் மதிக்க முடியும். ‘நீ ஏன் எடுக்கவில்லை’ என்று பக்கத்து வீட்டுக்காரரை நாடு கடத்துவதை எந்தப் புரட்சியின் பெயராலும் ஏற்க முடியாது. புரட்சி அரசு இந்த இடத்தில் தவறியது, அதில் பதவி வகித்த முன்னாள் குவேக்கர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

ஆனால் அதே ஆட்கள் 1781இல் தங்களுக்கென்று விதி எழுத உட்கார்ந்தபோது, எந்தக் காரணத்துக்காகவும் யாரையும் சபையை விட்டு நீக்குவதில்லை என்று எழுதினார்கள். புதுக் கொள்கை எதையும் தாங்கள் போதிக்க வரவில்லை என்றும் சொன்னார்கள். மௌன வழிபாடு, எளிய கூட்டம், எல்லாம் பழையபடியே. ஆயுதம் எடுத்தவருக்கும் எடுக்காதவருக்கும் ஒரே பெஞ்சில் இடம் உண்டு. நீக்கப்பட்டவனுக்குத்தான் நீக்கத்தின் வலி தெரியும், அந்த வலியைப் பழிவாங்கலாக மாற்றாமல் விதியாக மாற்றினார்கள் பாருங்கள், நான் அவர்களை மதிப்பது அதற்காகத்தான். ஆயுதம் எடுத்ததற்காக அல்ல.

ஐந்தாவது தெருவும் ஆர்ச் தெருவும் சந்திக்கும் முனையில் அவர்கள் கட்டிய செங்கல் கட்டடம் இன்றும் இருக்கிறது. வாஷிங்டனும் பிராங்க்ளினும்கூட நன்கொடை கொடுத்தார்கள் என்பார்கள். சுவரில் பதித்த கல்லில் 1783 என்ற ஆண்டோடு ‘பேரரசின் 8ஆம் ஆண்டு’ என்றும் செதுக்கியிருக்கிறார்கள். 1776இல் பிறந்த புது அமெரிக்காவைத்தான் பேரரசு என்கிறார்கள். மன்னருக்கே தொப்பியைக் கழற்ற மாட்டோம் என்றிருந்த பரம்பரை இது! புது நாட்டின்மேல் அவ்வளவு பற்று. அந்தப் பற்று எனக்கு உறுத்துகிறது, மறைக்க விரும்பவில்லை.

போர் முடிந்ததும் ஆட்கள் குறைந்தார்கள், 1830களில் கூட்டமே நின்றுபோனது. கடைசிவரை வந்தவர்களில் பெட்சி ராஸும் ஒருவர். யாரையும் நீக்காத சபை இப்படித்தான் கலைந்துபோகும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. அவர்களைச் சேர்த்து வைத்ததே அந்தப் போர்தான், அது முடிந்து ஒரு தலைமுறையானதும் பிள்ளைகள் வேறு சபைகளுக்குப் போனார்கள். மூலச் சபையும் நீக்கிக்கொண்டே இருந்ததால்தான் பிழைத்தது என்று சொல்ல முடியாது, 1827இல் அதே பிலடெல்பியாவில் அதுவே இரண்டாக உடைந்தது.