ஒரே பாட்டில் வந்தவர் அல்ல ஜூஸ் வேர்ல்ட்
அமெரிக்க ராப் பாடகர் ஜூஸ் வேர்ல்ட், சவுண்ட்கிளவுட் என்ற இசைத் தளத்தில் ஏற்றிய ஒரே பாட்டால் ராத்திரியோடு ராத்திரியாக ஸ்டார் ஆனவர் என்று அவரைப் பற்றிய இந்தக் கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சிகாகோவில் பிறந்த அந்தப் பையன் சின்ன வயதிலேயே பியானோ கற்றவர், அப்புறம் கிட்டார், டிரம்ஸ், பள்ளி இசைக்குழுவில் டிரம்பெட் என்று போனவர். 2018இல் பிரிட்டிஷ் டிஜே டிம் வெஸ்ட்வுட்டின் நிகழ்ச்சியில் ராப் பாடகர் எமினெமின் பீட்டுகளை, அதாவது பாட்டுகளின் பின்னணி இசையை, ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக்கொண்டே இருக்க, ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே வரிகளைக் கட்டிப் பாடினாரே, அந்த வீடியோவை முழுசாகப் பாருங்கள், பீட் மாறினாலும் எதுகை அறுந்து போகாது, அதெல்லாம் வருஷக்கணக்கான பயிற்சி இல்லாமல் வருமா? மேலே கருத்து எழுதிய ஒருவர், அவர் போதையைப் பாடிப் பிள்ளைகளைக் கெடுத்தவர் என்கிறார். சரி, மாத்திரைகளைப் பற்றி நிறையப் பாடினார்தான், ஆனால் பாதிக்கு மேல் பயமும் பதற்றமும்தான் அதில் கேட்கிறது, மனசு சரியில்லாத நாட்களில் எனக்குத் துணையாக இருந்தவை அந்தப் பாட்டுகள். 2019 டிசம்பரில், 21 வயது பிறந்தநாள் முடிந்து ஆறே நாளில், அதே மாத்திரைகளால் போய்விட்டார். அவருடைய அம்மா கார்மெலா வாலஸ் மகன் நினைவாக நிதி ஒன்றைத் தொடங்கி, மன உளைச்சலிலும் போதைப் பழக்கத்திலும் தவிக்கும் இளைஞர்களுக்கு உதவி வருகிறார், கட்டுரையில் அதற்கு ஒரு வரியாவது கொடுத்திருக்க வேண்டும்.