பவுண்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் டிரா லெங்த்

2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில், வில்வித்தையின் காம்பவுண்ட் (முனைகளில் சக்கரம் வைத்த வில்) பிரிவில் 5 தங்கங்களையும் இந்தியா அள்ளியது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டியும் வருகிறது. இந்த நேரத்தில் பிள்ளைகள் காம்பவுண்ட் வில் கேட்பது மகிழ்ச்சிதான். ஆனால் கடைக்குப் போனதும் 'எத்தனை பவுண்ட், எவ்வளவு வேகம்?' என்று ஆரம்பித்தால் பணம் வீணாகும்.

ரீகர்வ் (சக்கரமில்லாத, முனை வளைந்த வில்) நாணை அவரவர் கை நீளத்துக்கு இழுக்கலாம். காம்பவுண்டில் கேம், அதாவது முனையில் சுழலும் சக்கரம், எங்கே முட்டி நிற்கிறதோ அங்கேதான் நாணும் நிற்கும். ஆகவே டிரா லெங்த், அதாவது நாணை இழுக்கும் நீளம், தப்பினால் எல்லாம் தப்பு. இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, நடுவிரல் நுனிக்கு நுனி அளந்து 2.5-ஆல் வகுங்கள். 170 செ.மீ. என்றால் 67 அங்குலம். டிரா லெங்த் சுமார் 27 அங்குலம். இது தொடக்கக் கணக்குதான். முழுதாக இழுத்து நிற்கும்போது பக்கவாட்டில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். முதுகு பின்னால் சாய்கிறதா, நாண் கன்னத்தில் அழுந்துகிறதா, அம்பு போனதும் முன்கையில் அறைகிறதா? நீளம் கூடுதல். அரை அங்குலம் குறைத்தாலே ஆள் நிமிர்ந்து நிற்பார். அதற்குக் கேமில் பொருத்திய மாட்யூல் துண்டை நகர்த்தினால் போதுமா, கேமையே மாற்ற வேண்டுமா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். கேமை மாற்ற வேண்டுமென்றால் வளரும் பிள்ளைக்கு அந்த வில் வேண்டாம்.

அடுத்து இழுவிசை, அதாவது நாணை இழுக்க எத்தனை பவுண்ட் விசை வேண்டும் என்பது. நாற்காலியில் உட்கார்ந்து, வில்லைத் தோள் மட்டத்தில் நீட்டி நேராக இழுத்துப் பாருங்கள். மேலே தூக்கினால்தான் நாண் வருகிறது என்றால் பவுண்ட் அதிகம். இழுத்ததை 20 விநாடி பிடித்து, அம்பை விடாமல் மெதுவாக இறக்கவும் முடிய வேண்டும். போட்டி விதிப்படி உச்சவரம்பு 60 பவுண்ட். அதைத் தொட்டே ஆக வேண்டும் என்றில்லை. தகுதிச் சுற்றில் 50 மீட்டரில் 72 அம்புகள். 72-ஆவது அம்புக்கும் தோள் தாங்க வேண்டாமா?

விளம்பரத்தில் போடும் வேகம் 70 பவுண்ட், 30 அங்குலம், 350 கிரெய்ன் எடையுள்ள அம்பு என்ற கணக்கில் அளந்தது. 27 அங்குலத்தில், 45 பவுண்டில் அது வராது. இலக்குப் போட்டிக்கு அச்சுக்கு அச்சு (இரு முனைச் சக்கரங்களின் அச்சுகளுக்கு இடையே) 36 முதல் 40 அங்குலம் உள்ள வில்லே கையில் அமைதியாக நிற்கும். 30 அங்குல வேட்டை வில் வேறு வேலைக்கு.

அம்பில்லாமல் நாணை விடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் லிம்பிலும் (வில்லின் வளையும் கை) கேமிலும் இறங்கும். லிம்ப் பிளக்கும், நாண் கழன்று தெறிக்கும். மிக இலேசான அம்பும் இதே கேடுதான். பவுண்டுக்கு 5 கிரெய்னுக்குக் குறையாமல், அதாவது 50 பவுண்டுக்கு 250 கிரெய்னாவது இருக்கட்டும்.

பழைய வில் வாங்குபவர்கள் லிம்ப் ஓரத்தில் பஞ்சை ஓட்டிப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் நார் சிக்கும். கேம் அருகே நாண் சுற்று பிரிந்திருந்தால் புது நாணின் விலையைக் கழித்துப் பேசுங்கள். சைட் (குறிபார்க்கும் கருவி), பீப் (நாணில் உள்ள பார்வைத் துளை), ரெஸ்ட் (அம்பு தாங்கி), ரிலீஸ் (நாணை விடும் கருவி), ஸ்பைன் (அம்பின் விறைப்பு) பொருந்திய ஒரு டஜன் அம்பு எல்லாம் தனிச் செலவு. கையிலிருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் வில்லுக்குப் போக விடாதீர்கள்.