மூன்று ட்யூப் போதும், ஆனால் எந்த மூன்று?

"ஏதாவது ஒரு சிவப்பு, ஒரு மஞ்சள், ஒரு நீலம் வாங்கினால் போதும், எல்லா நிறமும் கலந்துவிடலாம்" என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். வாட்டர்கலர் புதிதாகத் தொடங்குபவர்கள் இதை நம்பி மனம் நொந்துபோவார்கள் என்பதால் சொல்கிறேன்.

காட்மியம் ரெட் என்ற சிவப்போடு அல்ட்ராமரைன் என்ற நீலத்தைக் கலந்து பாருங்கள். ஊதாவுக்குப் பதில் பழுப்பேறிய ஒரு மங்கல் நிறம்தான் வரும். அந்தச் சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தது. கூடவே மஞ்சளையும் இழுத்து வருகிறது. அதே நீலத்தில் குவினக்ரிடோன் ரோஸ் என்ற ரோஜாச் சிவப்பைச் சேருங்கள், தட்டிலேயே பளிச்சென்று ஊதா தெரியும். பச்சையும் இப்படித்தான்: லெமன் மஞ்சளோடு தாலோ நீலம் சேர்ந்தால் வாழைக்குருத்துப் பச்சை, அல்ட்ராமரைன் சேர்ந்தால் அடங்கிய பச்சை. நிலக்காட்சிக்கு எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

எந்த மூன்றை எடுத்தாலும் சில நிறங்கள் கைக்கு வராது. காட்மியம் ரெட்டை வைத்துக்கொண்டு மெஜந்தா கலக்கவே முடியாது. ஆனால் படம் ஒட்டுமொத்தமாக இசைந்து நிற்பதும் அந்தக் கட்டுப்பாட்டால்தான்.

வாங்கும்போது ட்யூபின் பெயரை மட்டும் நம்பாமல் உள்ளே எந்த நிறப்பொருள் இருக்கிறது என்று காட்டும் நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். அல்ட்ராமரைனுக்கு பிபி 29, குவினக்ரிடோன் ரோஸுக்கு பிவி 19. பெயரோடு 'ஹியூ' என்று இருந்தால் உள்ளே பெரும்பாலும் மாற்று நிறமிதான்.