தண்ணி ஊத்திக் காட்ட மாட்டாராம், ஆனா லீக் இல்லையாம்

பழைய மீன் தொட்டிய விக்க "லீக் இல்லை"ன்னு விளம்பரம் போடுற எவனும் அந்தத் தொட்டில தண்ணி ஊத்திப் பார்த்ததில்ல. இதைக் கல்வெட்டுல வெட்டி வைங்க.

விளம்பரம் எல்லாருக்கும் மனப்பாடம். "2 அடி டேங்க், ஸ்டாண்ட், ஃபில்டர், ஹீட்டர், கல்லு, பொம்மை எல்லாம் சேர்த்து 3500. மீன் ஃப்ரீ. அர்ஜெண்ட் சேல்." போட்டோல தண்ணி பளபளன்னு இருக்கும், மீன் நீந்தும். நேர்ல போனா அதே தொட்டி பரண் மேல கிடக்கும், உள்ள உளுந்து மூட்டை. போட்டோ எடுத்தப்ப இருந்த மீனோட பேரப்பிள்ளைங்களே போய்ச் சேர்ந்திருக்கும்.

நேத்து கும்பகோணத்துல நடந்த கூத்தைக் கேளுங்க. மாயவரத்துல இருந்து ஒரு பையன், மீன் வளர்க்கவே புதுசு, ஆசை ஆசையா போயிருக்கான். தொட்டிய இறக்கியாச்சு, உளுந்தைக் கொட்டியாச்சு. பையன் மரியாதையாத்தான் கேட்டான்: "அண்ணே, கொஞ்சம் தண்ணி ஊத்திக் காட்டுறீங்களா?"

"எதுக்கு தம்பி தண்ணிய வேஸ்ட் பண்ணிக்கிட்டு?"

காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவுல வீடு. மொட்டை மாடில டேங்க் நிறைஞ்சு தெருவெல்லாம் ஓடுது, மோட்டாரை நிறுத்த ஆளில்ல. இந்த 50 லிட்டர்ல மட்டும் மனுஷனுக்கு நீர் மேலாண்மை ஞாபகம் வந்துருச்சு.

பையன் விடல. "நானே தூக்கி ஊத்துறேண்ணே." அடுத்த காரணம்: "இப்பதான் வீடு துடைச்சிருக்காங்க தம்பி, தரை ஈரமாயிடும்." நிறுத்துங்க. இதை இன்னொரு தடவை படிங்க. ஒழுகாத தொட்டில தண்ணி ஊத்தினா தரை எப்படிய்யா ஈரமாகும்? தன் வாயாலயே தீர்ப்பு சொல்லிட்டு நிக்கிறாரு. அப்புறம் "நான் என்ன பொய்யா சொல்றேன்?" அப்புறம் "சாயங்காலம் இன்னொருத்தர் வர்றேன்னிருக்காரு." அந்த இன்னொருத்தர் இருக்காரே, எந்தப் பழைய பொருள் வாங்கப் போனாலும் சாயங்காலம் வர்றவர், அவரை யாராவது கண்ணால பார்த்திருக்கீங்களா?

கடைசில பெரிய மனசு பண்ணி உள்ள போய் ஒரு சொம்பு தண்ணி கொண்டாந்து ஊத்தி, "பாருங்க, ஒழுகுதா?"ன்னாரு. ஒரு சொம்பு! 2 அடி நீளம் 1 அடி அகலத்துக்கு ஒரு லிட்டர் ஊத்தினா அரை செ.மீ. உயரம்தான் வரும். தண்ணியோட அழுத்தம் உயரத்தைப் பொறுத்தது. அடி மூலைல முழு அழுத்தம் விழணும்னா முழுசா நிரப்பணும். அப்பவும் பல தொட்டி உடனே ஒழுகாது, ராத்திரி மெதுவா வேர்க்க ஆரம்பிச்சு காலைலதான் கூடம் குளமாகும்.

நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு போனா ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுதான்னு கருவி வச்சுப் பார்த்துட்டுத்தான் மூட்டைல கை வைக்கிறாங்க. அதே ஊருக்காரன் மீன் தொட்டி வாங்குறப்ப மட்டும் சொம்புத் தண்ணியப் பார்த்துட்டுப் பணத்தை எண்ணிக் கொடுக்குறான். கொடுத்துட்டான் அந்தப் பையனும், 3000 ரூபா.

தண்ணி ஊத்த விடலைன்னாலும் கண்ணு இருக்குல்ல? ரெண்டு இடத்துல சிலிக்கான் பசை இருக்கும். ஒண்ணு கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவுல, தொட்டியத் தாங்குறதே அதுதான். இன்னொண்ணு உள்மூலைல ஓடுற பட்டை, அது தண்ணி நடு ஒட்டுக்குப் போகாமக் காக்குது. உள்பட்டைய நகத்தால நெம்புங்க. ரப்பர் மாதிரி திரும்பிப் போச்சுன்னா சரி. ஓரம் தூக்குது, பொடியுது, அடில பச்சையா பாசி ஏறியிருக்குன்னா புதுசா பட்டை போட்டே ஆகணும். நடு ஒட்டுல வெள்ளையா காத்துக் குமிழ் கோடு ஓடுதுன்னா பேசவே வேணாம், வண்டிய எடுங்க.

பழுப்பேறின பழைய பட்டை மேல பளிச்சுனு புதுசா ஒரு கோடு இழுத்திருந்தா, அவருக்கு ஒழுகுறது நல்லாவே தெரியும்னு அர்த்தம். புது சிலிக்கான் கண்ணாடில ஒட்டும், காய்ஞ்ச பழைய சிலிக்கான்ல சரியாப் பிடிக்காது. இன்னும் சில மகான்கள் வெளிப்பக்கமா எம்-சீல் உருட்டி அப்பியிருப்பாங்க. தண்ணி உள்ளேயிருந்து தள்ளுதுய்யா, வெளில அப்பி என்ன புண்ணியம்?

கண்ணாடி கனத்தை ஸ்கேல் வச்சு அளங்க. 1 அடி உயரத்துக்கு 5 மி.மீ. போதும். 3 அடி நீளம் ஒன்றரை அடி உயரம்னா 8 மி.மீ. வேணும். காசு மிச்சம் பண்ண அதையும் 5-ல ஒட்டி விக்கிறாங்க. மேல குறுக்கா ஒட்டியிருக்குற கண்ணாடிப் பட்டை கழண்டிருந்தா நிரப்பினதும் முன்கண்ணாடி தொப்பை போடும். ஓரத்துல சில்லு பேர்ந்திருந்தா விரிசல் அங்கேயிருந்துதான் கிளம்பும்.

வாங்கிட்டீங்களா, முதல் வேலை சோதனை. சமதளமான இடம், ரசமட்டம் வச்சுப் பார்த்து, அடில ஒரு தெர்மோகோல் அட்டை. அது மேல பழைய பேப்பர், அப்புறம் தொட்டி. மேடுபள்ளமான சிமெண்ட் முற்றத்துல வச்சு நிரப்பினா நல்ல தொட்டியே அடில விரிசல் விட்ரும். மூணுல ஒரு பங்கு ஊத்தி ஒரு மணி நேரம், அப்புறம் இன்னொரு பங்கு, அப்புறம் விளிம்புக்கு ஒரு அங்குலம் கீழ வரைக்கும். 48 மணி நேரம் அப்படியே கிடக்கட்டும். தண்ணி மட்டம் இறங்குறதை வச்சு முடிவு பண்ணாதீங்க, சித்திரை வெயில்ல ஆவியாகியே இறங்கும். பேப்பர் நனைஞ்சிருக்கான்னு பாருங்க, மூலையெல்லாம் டிஷ்யூ வச்சு ஒத்திப் பாருங்க.

உள்பட்டை மட்டும் போயிருந்தா ஒட்டிடலாம். ஆனா ஒழுகுற இடத்துல மட்டும் தடவுற வேலை வேணாம். நாலு மூலையும் அடிச்சுற்றும் மொத்தமா பிளேடால சுரண்டி, அசிட்டோன் போட்டுத் துடைச்சு, ரெண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரே மூச்சுல போடணும். விரலால இழுத்துவிட்டு, தோல் கட்டுறதுக்குள்ள டேப்பை உரிச்சிடணும். வினிகர் வாடை அடிக்கிற சாதா சிலிக்கான் வாங்குங்க. ஹார்டுவேர் கடைல பாத்ரூமுக்குன்னு பூஞ்சை பிடிக்காத ரகம் ஒண்ணை நீட்டுவாங்க, அதுல இருக்குற மருந்து மீனைக் கொல்லும். வாடை முழுசாப் போக ஒரு வாரம் விடுங்க. நடு ஒட்டே போச்சுன்னா முழுசா பிரிச்சு ஒட்டணும், அது புதுசா ஆரம்பிக்கிறவங்க கை வைக்கிற வேலை இல்ல. அதனாலதான் சொல்றேன், உள்ளூர்ல புதுசா ஒட்டிக் கொடுக்கிற விலையைக் கேட்டுட்டு, அதுல பாதிக்கு மேல பழசுக்குத் தராதீங்க.

"ஃபில்டர், ஹீட்டர் எல்லாம் சேர்த்து"ன்னு விலைய ஏத்துறாங்களே, அந்த "எல்லாம்" மொத்தமும் குப்பை. வெயில் காலத்துல தண்ணி 30 டிகிரிக்கு மேல நிக்கிற ஊர்ல எதுக்குய்யா ஹீட்டர்? பழைய ஹீட்டர்ல கண்ணாடி கீறியிருந்தா தண்ணில கரண்ட். ஃபில்டரைத் தண்ணில முக்கி ஓட விட்டுக் கேளுங்க, கடகடன்னா உள்ள சுத்துற விசிறி (இம்பெல்லர்) தேய்ஞ்சிருக்கு. "கல்லுல நல்ல பாக்டீரியா செட் ஆயிருக்கு"ன்னாரு அந்த அண்ணன். ரெண்டு வருஷமா உளுந்துக்குக் கீழ காய்ஞ்ச கல்லுல பாக்டீரியாவாம்! ஈரம் போனா அதுங்க செத்துரும். மிச்சம் இருக்குறது பழைய பீயும் தூசியும்தான்.

ஃப்ரீ மீன் எதுன்னு கேட்டீங்களா? ஒரு சக்கர் (கண்ணாடில வாயை ஒட்டிக்கிட்டு பாசி திங்குமே, அந்த மீன்), ஒரு "ஷார்க்". சக்கர் ஒரு அடியைத் தாண்டும். ஷார்க்குன்னு விக்கிறது பங்காசியஸ் கெளுத்தி, ஒரு மீட்டருக்கு மேல வளர்ற ஜாதி. 2 அடித் தொட்டில அதுங்க திரும்பக்கூட முடியாது. அப்புறம் மனசு கேக்காம "பாவம்"னு கொண்டுபோய்க் கோயில் குளத்துல விட வேண்டியது. தமிழ்நாட்டு நீர்நிலைங்கள்ல சக்கர் பெருகி நம்ம மீனோட இடத்தைப் பிடிக்கிறது இந்தப் பாவ புண்ணியத்தாலதான். மீன்வளப் பல்கலைக்கழகத்தையே நாகப்பட்டினத்துல வச்சிருக்கோம், பேருக்கு.

கழுவுறதுக்கு சோப்பு வேணாம், பாத்ரூம் ஆசிட் வேணவே வேணாம். போர் தண்ணியோட வெள்ளைக் கறைக்கு வினிகர்ல நனைச்ச துணிய அரை மணி நேரம் போட்டுட்டு பிளேடால வழிங்க, நல்லா அலசுங்க. கிருமிக்கு, ஒரு பங்கு திரவ ப்ளீச்சுக்கு 20 பங்கு தண்ணி, கால் மணி நேரம், அலசி ஒரு நாள் வெயில்ல காயணும். வினிகரையும் ப்ளீச்சையும் ஒரே நேரத்துல ஊத்திடாதீங்க, குளோரின் வாயு கிளம்பும். மீனுக்கு முன்னாடி நீங்க போயிடுவீங்க.

தண்ணிக்கு வருவோம். கொள்ளிடம் கூட்டுக்குடிநீர்னா குளோரின் இருக்கும், டிரம்முல பிடிச்சு, காத்துக் குமிழ் விடுற ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் விடுங்க. வேதாரண்யம் பக்கம் போர் தண்ணி உப்பு, டி.டி.எஸ்., அதாவது கரைஞ்சிருக்குற உப்போட அளவு, பார்க்காம ஊத்தாதீங்க. மேட்டூர் திறந்து புதுத் தண்ணி வந்துருச்சுன்னு வாய்க்கால்ல மொண்டு ஊத்துற கவிஞர்களே, குறுவைக்கு அடிச்ச பூச்சி மருந்து அதுலதான் வடியுது. வீட்டுக்குள்ள அடிக்கிற கொசு மருந்தும் அதே எமன்தான். ஏர் பம்பு அந்தக் காத்தை இழுத்து நேரா தண்ணிக்குள்ள தள்ளும். பம்பைத் தண்ணி மட்டத்துக்கு மேல வைங்க, இல்ல தண்ணி திரும்பி வராமத் தடுக்குற 20 ரூபா செக் வால்வு போடுங்க. கரண்ட் போனதும் குழாய் வழியா தண்ணி பின்னோக்கி இறங்கி பம்புக்குள்ள போகும். நம்ம ஊர்ல கரண்ட் போறதைப் பத்தி நான் சொல்லணுமா?

நிரப்பின அன்னைக்கே மீன் விடுறவங்களுக்குத் தனி நரகம். மீனோட கழிவு அமோனியா, ஒரு பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொண்ணு நைட்ரேட் ஆக்கும். இதுங்க குடியேற 4 முதல் 6 வாரம். நம்ம போர் தண்ணியோட பி.எச். (அமிலமா காரமான்னு சொல்ற அளவு) 8-ஐ ஒட்டி நிக்கும். பி.எச். 7-ல இருந்து 8 ஆனா, அமோனியால விஷமா இருக்குற பங்கு கிட்டத்தட்ட 10 மடங்காகும், சூடு ஏற ஏற இன்னும் கூடும். மூணாம் நாள் மீன் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். "பசிக்குது போல"ன்னு இன்னும் தீனி போடுவீங்க. ஓடிட்டு இருக்குற தொட்டில இருந்து பழைய ஃபில்டர் ஸ்பாஞ்சு ஒண்ணை ஈரம் காயாமக் கேட்டு வாங்குங்க, அதுல இந்த பாக்டீரியா ஏற்கெனவே குடியிருக்கும், பாதி காத்திருப்பு குறையும். முதல்ல கப்பி மீன் நாலு, இல்ல மோலி மீன். நம்ம கடினத் தண்ணி அதுங்களுக்குப் பிடிக்கும்.

அந்தப் பையன் கதைய விட்டுட்டேனே. தொட்டிய பைக் பின்னாடி ஃப்ரெண்டு மடில வச்சுக் கொண்டுபோனானாம், உள்ளேயே கல்லு மூட்டை. காலித் தொட்டியே பத்து கிலோவுக்குக் கிட்ட. பள்ளத்துல ஏறி இறங்குற ஒவ்வொரு தடவையும் அந்தக் கல்லு அடிக்கண்ணாடிய உள்ளேயிருந்து குத்தும். வீட்ல நிரப்பினான், ராத்திரியே மூலைல கோடு. போன் பண்ணினா பதில் ரெடி: "எங்க வீட்ல இருந்த வரைக்கும் ஒழுகலையே தம்பி." ஆமாய்யா, உளுந்து எப்படி ஒழுகும்?

சிரிச்சுட்டேன். வேற என்ன செய்ய? இதுல அவன் வழில வண்டிய நிறுத்தி "கும்பகோணம் டிகிரி காபி" போர்டு போட்ட கடைல குடிச்சானாம். கும்பகோணத்துக்குள்ளேயே எதுக்குய்யா கும்பகோணம் டிகிரி காபின்னு போர்டு? பித்தளை டபரா செட்டுல ஊத்திட்டா சிக்கரித் தண்ணி டிகிரி காபி ஆயிடுமா? 40 ரூபா. பாதிக்கு மேல நுரை.