மரை கழண்டது யாருக்கு?

(வாசலில் வண்டி. பின்பக்கம் ஒரு சக்கரம் மட்டும் அந்தரத்தில். அடியிலிருந்து சுத்தியல் சத்தம்.)

பழனி: மாமா! நாளைக்கு எங்க வீட்டுல காதுகுத்து. அக்கா போன்ல அழுவுது. இன்னைக்குப் பார்த்தா வண்டியைக் கழட்டுவீங்க?

குமார்: பின் ஸ்டெபிலைசர் பாரை மாத்துறேன் மாப்ள, வளைவுல வண்டி சாயாம தாங்குற கம்பி. பழசு 19 எம்எம், புதுசு 22. மூணே எம்எம். அதுக்கே போல்ட் அசைய மாட்டேங்குது.

பழனி: மூணேவா? ரெண்டும் கெட்டிக் கம்பின்னா விறைப்பு 1.8 மடங்கு ஏறும். மழையில வளைவுல வேகமாத் திருப்புனா பின்பக்கம் வீசும். அது இருக்கட்டும், முதல்ல வெளிய வாங்க. வண்டியைத் தாங்குற ஸ்டாண்டு எங்க?

குமார்: புதுசு. அட்டைப்பெட்டியில பத்திரமா இருக்கு.

பழனி: வெறும் ஜாக்கியை நம்பியா படுத்திருந்தீங்க? போல்ட்டுக்கு இல்ல, உங்களுக்குத்தான் மரை கழண்டிருக்கு. முன் டயருக்குக் கட்டை குடுங்க, பின்னால ரெண்டு பக்கமும் ஸ்டாண்டு போடுங்க. ஒரு சக்கரத்தை மட்டும் தூக்குனா பார் முறுக்கிக்கிட்டு நிக்கும். அதான் போல்ட் இறுகிக் கிடக்கு.

(இரண்டு பின் சக்கரமும் தொங்குகின்றன.)

குமார்: அட, கிளாம்ப் போல்ட் நாலும் வந்துருச்சே! ஆனா பாரைச் சக்கரத்துப் பக்கம் இணைக்கிற இந்த லிங்க் நட்டு... சுத்துது, சுத்துது, கழண்டபாடில்ல.

பழனி: நட்டு மாட்டியிருக்கிற ஸ்டட்டும் கூடவே சுத்துது மாமா. அதோட நுனியில ஆறு பட்டைக் குழி தெரியுதா? அதுல ஆலன் கீயைச் சொருகி அசையாம பிடிங்க. ரிங் ஸ்பேனரால நட்டை மட்டும் திருப்புங்க. நேத்து ராத்திரியே துருவுக்கு எண்ணெய் அடிச்சிருந்தா இந்தப் பாடு இல்ல.

குமார்: எண்ணெய்க்குக் குறைச்சலா? பாரைச் சுத்திப் பிடிக்கிற புது புஷ்ஷுக்கெல்லாம் தேங்காய் எண்ணெய் தடவியாச்சு.

பழனி: ஏன், தலை சீவி விடப் போறீங்களா? அது பாலியூரித்தேன் புஷ். சிலிக்கான் கிரீஸ் போடலைன்னா ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கர்லயும் கிறீச்னு கத்தும். கிட்டுல சின்ன பாக்கெட் வந்திருக்குமே?

குமார்: அதை உங்கக்கா சாஸ்னு நினைச்சு ஃபிரிட்ஜ்ல வச்சிட்டா.

பழனி: எடுத்துட்டு வாங்க. எண்ணெயைச் சுத்தமாத் துடைச்சிட்டு, புஷ்ஷோட உள்பக்கம் பூரா தடவுங்க.

(கிரீஸ் ஜில்லென்று வந்து சேர்கிறது.)

பழனி: பழைய பார் எந்தப் பக்கம் வளைஞ்சிருந்துச்சோ அதே மாதிரி ஏத்துங்க. எல்லா போல்ட்டையும் கையால மாட்டுங்க, முடுக்காதீங்க. ஒரு பக்கத்தை முடுக்கிட்டா மறுபக்கத்து ஓட்டை ஒத்து வராது. சைலன்சர்லயும் ஹேண்ட்பிரேக் கேபிள்லயும் உரசுதா பாருங்க.

குமார்: விரல் போற இடைவெளி இருக்கு.

பழனி: சரி, வண்டியை இறக்கி நாலு சக்கரத்துலயும் நிறுத்துங்க. இப்ப டார்க் ரெஞ்சு, அதான் முடுக்குற அளவைக் காட்டுற ஸ்பேனர். மேனுவல்ல போட்டிருக்கிற அளவுக்கு மேல ஒரு இழுப்பு வேண்டாம்.

குமார்: அப்பாடா, முடிஞ்சுது. ஆனா இன்னைக்கே வெளியூர் எடுத்தா ஆபத்துதானே? காதுகுத்துக்கு நீங்க மட்டும்...

பழனி: ஒரு 100 கிலோமீட்டர் ஓட்டிட்டு போல்ட்டையெல்லாம் மறுபடி சரிபார்க்கணும் மாமா.

குமார்: அதுக்கு எங்க போறது?

பழனி: எங்க வீடு சரியா 50. போயிட்டுத் திரும்புனா கணக்கு முடிஞ்சுது. ஸ்பேனரை நானே டிக்கியில வச்சுட்டேன்.

குமார்: ...அந்தப் பழைய பாரை எங்க வச்ச மாப்ள?