காட்டின் குறையும் முதலாளியின் குறையும்

மெக்சிகோவில் மாயா மக்களின் பழைய நகரமான பலேங்கேயின் இடிபாடுகளை ஒட்டிக் காட்டுக்குள் இருக்கும் மலிவு விடுதிகளைப் பற்றி, அங்கே தங்கிவிட்டு வந்தவர்கள் எழுதும் மதிப்புரைகளைப் படித்தால் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வருகின்றன. விடியற்காலையில் குரங்குகள் கத்தியதால் தூக்கம் கெட்டதாம், ஒருவர் நட்சத்திரத்தைக் குறைக்கிறார். துவைத்த துணி காயவே இல்லையாம், இன்னொருவர் இரண்டைக் குறைக்கிறார். அதே ஆட்கள் கொசுவலையில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்ததைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு, காட்டில் இதெல்லாம் சகஜம் என்று பெருந்தன்மையாகக் கடந்துவிடுகிறார்கள்.

எனக்கு இந்தக் கணக்கு தலைகீழாகத் தெரிகிறது.

கத்துவது ஊளைக்குரங்கு. அதன் தொண்டையில் இருக்கும் எலும்பு உள்ளீடற்று உப்பியிருப்பதால் குரல் பல மடங்கு பெருகிக் கிலோமீட்டர் கணக்கில் கேட்கும். முதன்முறை கேட்பவருக்கு ஏதோ பெரிய வேட்டை விலங்கு கூரைமேல் நிற்கிறது என்று வயிறு கலங்கும். வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால், இலையை மென்றபடி கிளையில் சாய்ந்திருக்கும் ஒரு சோம்பல் குடும்பம்! இலையில் கிடைக்கும் தெம்பு சொற்பம். அடித்துக்கொள்வதைவிடக் கத்தியே எல்லையைச் சொல்லிவிடுவது அவற்றுக்கு லாபம். 1981 முதல் தேசியப் பூங்காவாக இருக்கும் காட்டில் குரங்கு கத்துவதற்கு விடுதிக்காரர் என்ன செய்ய முடியும்?

அந்தச் சத்தத்தில் விழித்துக்கொள்வதே நல்லது என்பேன். இடிபாடுகள் காலை 8 மணிக்குத் திறக்கின்றன. மலைநகரமான சான் கிறிஸ்டோபலிலிருந்து ஒரே நாளில் வந்து திரும்பும் சுற்றுலா வேன்கள் விடியுமுன்பே கிளம்பினாலும், மலைச்சாலையில் வளைந்து வளைந்து, அகுவா அசுலிலும் மிசோல்-ஹாவிலும் அருவி பார்த்துவிட்டு, பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் பலேங்கேவை எட்டும். வெயிலும் புழுக்கமும் உச்சத்தில் இருக்கும் நேரம் அது. பூங்காச் சாலையில் தங்கியவரோ கையைக் காட்டி கொலெக்டிவோ என்னும் பகிர்வு வேன் ஒன்றை நிறுத்தி ஏறினால் வாசல் திறக்கும்போதே உள்ளே போய்விடலாம். (பூங்காவுக்கு ஒரு கட்டணம், தொல்லியல் வளாகத்துக்கு வேறொன்று, சில்லறைப் பெசோ வைத்துக்கொள்ளுங்கள்.) கல்வெட்டுக் கோயிலின் முன்னால் நெரிசல் இல்லாமல் நிற்கலாம். அந்தக் கோயிலின் தரைக் கற்பலகையில் இருந்த துளைகளைக் கண்டு சந்தேகப்பட்டு, இடிபாட்டுக் கற்களால் அடைக்கப்பட்டிருந்த படிக்கட்டை ஆண்டுக்கணக்கில் தோண்டி, 1952இல் பகால் மன்னனின் கல்லறையை அடைந்தார் தொல்லியலாளர் அல்பெர்த்தோ ருஸ். மலிவு விடுதியில் பணம் மிச்சமாவது இருக்கட்டும், இந்தக் காலை நேரம் நகரத்து ஹோட்டலில் எவ்வளவு கொடுத்தாலும் இவ்வளவு சுலபமாகக் கிடைக்காது.

அங்கே நான் அதிக நேரம் நின்றது அரண்மனையில்தான். பகால் 615 முதல் 683 வரை ஆண்டவர். அவர் காலத்திலும் அவருக்குப் பின்னும் கட்டிச் சேர்த்த அந்த அரண்மனையில் நீண்ட இரட்டைத் தாழ்வாரங்கள் இருக்கின்றன, சுவர்களில் காற்றுக்காக ஆங்கில 'டி' எழுத்து வடிவில் திறப்புகள் விட்டிருக்கிறார்கள். பக்கத்தில் ஓடும் ஒட்டுலூம் ஓடையைக் கல்லால் கூரையிட்ட கால்வாய்க்குள் திருப்பி, நகரின் நடுவே கட்டுப்படுத்தி அனுப்பியிருக்கிறார்கள். இந்த மழையும் இந்த ஈரமும் அவர்களுக்கும் இருந்தன. தண்ணீருக்கு வழி விட்டார்கள், காற்றுக்கு வழி விட்டார்கள்.

இனி நான் தங்கிய குடிலைப் பற்றி. வாசலில் 'சுற்றுச்சூழல் விடுதி' என்று பலகை. குளியலறைத் தண்ணீர் போக வழியில்லாமல் குடிலுக்குப் பின்னால் குட்டையாக நின்றது. மூடியில்லாத பீப்பாயில் மழைநீர். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தேங்கிய நீரில்தான் முட்டையிடும். அது பகலில் கடிப்பது என்பதால் இரவுக்கு மட்டும் வலை கட்டிக்கொண்டாலும் போதாது. இதைச் சொன்னபோது கிடைத்த பதில், "இது காடு." நள்ளிரவு தாண்டியும் ஓயாத மதுக்கூட மேளத்துக்கும் அதே பதில்தான். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓடையையே திருப்பிவிட்டவர்களின் நகரத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, ஒரு பீப்பாய்க்கு மூடி போட முடியாதவருக்குக் காட்டின் பெயரைச் சொல்ல என்ன உரிமை இருக்கிறது?

வாடகை குறைவு என்பதை நான் மறக்கவில்லை. குளிர்சாதனம் கேட்கவில்லை, வெந்நீர் கேட்கவில்லை, பல்லியை விரட்டச் சொல்லவுமில்லை. வலை, மூடி, வடிகால் மூன்றுக்கும் பெரிய செலவு கிடையாது. மாயா ரயில் 2023 இறுதியில் பலேங்கேவையும் கடற்கரைச் சுற்றுலா நகரமான கான்கூனையும் இணைத்துவிட்டதால் ஊருக்கு வருகிறவர்களின் சுபாவமும் மாறும் என்று நினைக்கிறேன். குரங்குக்கும் ஈரத்துக்கும் நட்சத்திரம் குறைத்துக்கொண்டே போனால், ஒழுங்காக நடத்தும் எளிய விடுதிகளும் சேர்ந்தே அடிபடும். அந்த இடத்தில் கண்ணாடி ஜன்னலை இறுக மூடிய ஹோட்டல்கள் வரும்.

போகிறவர்கள் அறைக்குள் நுழைந்ததும் வலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். குடிலின் பின்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். தண்ணீர் தேங்கியிருந்தால் பணத்தைக் கொடுப்பதற்கு முன்பே வேறு குடில் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் அதே சாலையில் அடுத்த விடுதிக்கு நடந்தே போய்விடலாம்.